மண்டபத்தில் மஞ்சள், மேடையில் கோடு: செல்போன் கேமரா கேள்வி–பதில்

முகூர்த்த மாதம் வந்தாலே ‘போட்டோ சரியா வரலை’ என்ற கேள்விகளும் கூடவே வந்துவிடுகின்றன. இந்த இதழில் அவற்றுக்கே முழு இடம். போனுக்குப் போன் மெனுவின் பெயர்கள் கொஞ்சம் மாறும். செய்ய வேண்டியது மாறாது.

கல்யாண மண்டபத்தில் எடுத்தால் எல்லோர் முகமும் மஞ்சளாக வருகிறது. அரக்கு நிறப் பட்டுப்புடவை செங்கல் நிறமாகிவிடுகிறது. ஃப்ளாஷ் போட்டால் முகம் வெளுத்து, பின்னால் நிற்பவர்கள் இருட்டில் போய்விடுகிறார்கள். என்ன செய்வது?
— வாசகி, காரைக்குடி

முதலில் ஃப்ளாஷை அணையுங்கள். போன் ஃப்ளாஷ் ஆறேழு அடிக்கு மேல் உதவாது. அதன் வெளிச்சம் வெள்ளை, மண்டப விளக்கோ மஞ்சள். முன்னால் ஒரு நிறம், பின்னால் ஒரு நிறம் என்று படம் இரண்டாகப் பிரிந்துவிடும்; அதை எந்த எடிட்டிங்கிலும் சேர்க்க முடியாது.

மஞ்சளுக்குக் காரணம் ஒயிட் பேலன்ஸ், அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி கேமரா செய்யும் நிறச் சரிக்கட்டல். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் அளவில் சொல்வார்கள். மஞ்சள் பல்பு 2700 முதல் 3000, நடுப்பகல் வெயில் 5500, நிழலான இடம் 7000 அல்லது அதற்கு மேல். ஆட்டோவில் விட்டால் போன் நடுவில் ஏதோ ஓர் அளவை ஊகிக்கிறது. சிவப்பும் ஜரிகையுமாகப் படம் நிறைந்திருக்கும்போது அந்த ஊகம் தவறிப்போவதில் வியப்பில்லை.

அளவுகளை நாமே வைக்க உதவும் ப்ரோ மோடுக்குப் போய் ‘டபிள்யூபி’ என்பதைத் தொட்டு 3200-ல் ஆரம்பியுங்கள். இன்னும் மஞ்சளாக இருந்தால் எண்ணைக் குறைக்க வேண்டும். நிறையப் பேர் இங்கேதான் தலைகீழாகச் செய்கிறார்கள்: எண்ணைக் கூட்டினால் படம் மேலும் மஞ்சளாகும், குறைத்தால் நீலம் ஏறும். யாராவது ஒருவர் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொள்ள, அது திரையில் வெள்ளையாகத் தெரியும்வரை நகர்த்துங்கள். அந்த அளவை மாற்றாமலேயே அந்த மண்டபம் முழுக்க எடுக்கலாம். ஐபோனின் சொந்தக் கேமராவில் புகைப்படத்துக்கு இந்த வசதி கிடையாது. எடுத்த பிறகு எடிட்டில் ‘வார்ம்த்’ அளவைக் குறைப்பதுதான் வழி.

ஒரு பக்கம் ஜன்னல் வெயில், மறுபக்கம் மஞ்சள் விளக்கு என்றிருந்தால் எந்த எண்ணும் இரண்டையும் சரிசெய்யாது. மணப்பெண்ணை ஜன்னல் பக்கம் திருப்பி நிற்கவைத்து, முடிந்தால் அருகிலுள்ள மஞ்சள் விளக்கை அணைத்துவிடுங்கள்.

புடவைச் சிக்கல் தனி. அரக்கு, மஜந்தா, ரத்தச் சிவப்பு ஆகியவற்றில் சிவப்பு மட்டும் சென்சாரில் (ஒளியைப் பதிவு செய்யும் சில்லு) நிரம்பி வழிந்துவிடும். அப்போது மடிப்பும் நெசவும் மறைந்து ஒரே வண்ணத் திட்டாகத் தெரியும். புடவையின் மீது தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள், மைனஸ் 0.7 அளவு போதும். படம் எடுக்கும்போது சற்று இருட்டாகத் தெரிவதைப் பொருட்படுத்தாதீர்கள், நிறம் தப்பிவிடும். இன்னொன்று: உங்கள் திரையே நிறத்தைக் கூட்டிக் காட்டலாம். சாம்சங்கில் டிஸ்பிளே செட்டிங்ஸில் ஸ்கிரீன் மோடு ‘விவிட்’ என்றிருந்தால் ‘நேச்சுரல்’ என்று மாற்றிவிட்டுப் பாருங்கள். குறை படத்திலா, திரையிலா என்பது தெரிந்துவிடும்.

பள்ளி ஆண்டு விழாவில் மேடையைப் படம் பிடித்தேன். போட்டோவில் குறுக்குக் கோடுகள், வீடியோவில் வெளிச்சம் துடிக்கிறது. கேமரா பழுதா?
— வாசகர், ஈரோடு

பழுதில்லை, காரணம் மின்சாரம். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் டியூப் லைட்டும் மலிவான எல்இடியும் விநாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. கண்ணுக்கு அது தெரிவதில்லை. போன் சென்சாரோ படத்தை ஒரே அடியாக எடுக்காமல் மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகப் படிக்கிறது. ஷட்டர், அதாவது ஒளியை வாங்கும் நேரம், 1/500 விநாடி என்றால், சில வரிசைகள் விளக்கு பிரகாசிக்கும் நேரத்திலும் சில மங்கும் நேரத்திலும் பதிவாகும். அதுதான் கோடு.

ஷட்டர் திறந்திருக்கும் நேரத்துக்குள் விளக்கின் ஒரு முழுச் சுற்று அடங்கிவிட்டால் எல்லா வரிசைக்கும் ஒரே வெளிச்சம் கிடைக்கும். எனவே 1/100 அல்லது 1/50. ப்ரோ மோடில் 1/100 வையுங்கள், ஐஎஸ்ஓவை (ஒளியைக் கூட்டிக் காட்டும் அளவு) ஆட்டோவில் விடுங்கள், கோடு மறையும். சரியாக 1/100 இல்லாத போன்களில் அதற்கு நெருக்கமாக உள்ள எண்ணைப் போட்டாலும் கோடு வெகுவாகக் குறையும்.

வீடியோவுக்கு, கேமரா செட்டிங்ஸில் ‘ஆண்டி ஃபிளிக்கர்’ அல்லது ‘ஆண்டி பேண்டிங்’ இருக்கிறதா பாருங்கள். இருந்தால் 50 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். 60 என்பது அமெரிக்கா போன்ற நாடுகளின் மின்சாரத்துக்கு. ஐபோனில் செட்டிங்ஸ், கேமரா, ரெக்கார்ட் வீடியோ என்று போய் ‘ஷோ பால் ஃபார்மட்ஸ்’ என்பதை இயக்கினால் விநாடிக்கு 25 ஃப்ரேம் என்ற தேர்வு கூடுதலாக வரும். மேடை நிகழ்ச்சிக்கு அதையே வைத்துக்கொள்ளலாம்.

ஸ்லோமோஷனை மட்டும் டியூப் லைட்டின் கீழே எடுக்காதீர்கள். 240 ஃப்ரேமில் எடுக்கும்போது ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 1/240 விநாடி. விளக்கின் ஒரு சுற்றே 1/100 விநாடி ஆகும்போது அது இதற்குள் எப்படி அடங்கும்? துடிப்பு வந்தே தீரும். ஸ்லோமோஷனுக்கு வெயில்தான் சரி.

1/100 வைத்தும் கோடு போகவில்லை என்றால் அந்த விளக்கு, வெளிச்சத்தைக் குறைக்கும் டிம்மரில் ஓடிக்கொண்டிருக்கலாம். அதன் துடிப்புக் கணக்கு வேறு. ஷட்டரை 1/50-க்கு இறக்கிப் பாருங்கள், அல்லது விளக்கை முழு வெளிச்சத்துக்கு ஏற்றச் சொல்லுங்கள். மேடையின் பின்னால் எல்இடி திரை இருந்து அதில் மட்டும் அலை அலையாகக் கோலம் தெரிந்தால், அது திரையின் புள்ளிகளும் சென்சாரின் புள்ளிகளும் மோதுவதால் வருவது. இரண்டடி நகர்ந்து நின்றாலோ சாய்கோணத்தில் எடுத்தாலோ குறையும்.

என் மகள் பரதநாட்டியம் ஆடுகிறாள். பத்துப் படம் எடுத்தால் பத்திலும் கை மங்கலாக இருக்கிறது. நைட் மோடு போட்டால் இன்னும் மோசம்.
— வாசகர், கும்பகோணம்

நைட் மோடு பல ஃப்ரேம்களை ஒன்றிரண்டு விநாடிக்கு எடுத்து ஒட்டுகிறது. அசையாத கோபுரத்துக்கும் தெருவுக்கும் சரி. ஆடும் பிள்ளைக்கு அது எதிரி. அதை அணைத்துவிடுங்கள். ஐபோனில் நிலாக் குறியைத் தொட்டு 0-க்கு இழுக்க வேண்டும்.

நிற்பவருக்கு 1/60 முதல் 1/125, நடப்பவருக்கு 1/250, ஓடும் குழந்தைக்கு 1/500, குதிப்பவருக்கு 1/1000. இதுதான் தோராயக் கணக்கு. பெரும்பாலான போன்களில் லென்ஸின் துவாரம் மாறாது என்பதால், ஷட்டரை வேகப்படுத்தினால் ஐஎஸ்ஓவை ஏற்றித்தான் ஈடுகட்ட வேண்டும். போன் தானாக 1/60, ஐஎஸ்ஓ 400 என்று எடுக்கும் அரங்கில் நீங்கள் 1/250 கேட்டால் ஐஎஸ்ஓ நான்கு மடங்கு ஏறி 1600 ஆகும். படத்தில் மணல் தூவியது போலப் புள்ளி வரும். வரட்டும். புள்ளியுள்ள தெளிவான படத்தை அச்சிடலாம், பார்க்கலாம். மங்கிய கையை எதுவும் காப்பாற்றாது.

மேடை விளக்கு எல்இடி என்றால் 1/250-ல் கோடு வரலாம் என்பதை முந்தைய பதிலில் பார்த்தோம். அப்போது 1/100-க்கு இறங்கி, ஆட்டத்தின் போக்கைப் பார்த்து எடுங்கள். தீர்மானம் (ஜதியை முடித்துவைக்கும் ஆட்டத் தொடர்) முடிந்து உடல் உறையும் அந்த அரை விநாடிக்கு 1/100 தாராளம். ஜதி போகும்போதே விரலைப் பட்டனுக்கு அருகில் வைத்துக் காத்திருந்து, கடைசித் ‘தா’ விழும் இடத்தில் அழுத்த வேண்டும். நட்டுவாங்கத்தைக் கவனிக்கத் தெரிந்த பெற்றோருக்கு இதில் வசதி அதிகம்!

தொடர்ந்து பல படங்களை எடுக்கும் பர்ஸ்ட் முறையும் உண்டு. ஐபோனில் பட்டனை இடப்பக்கம் இழுத்துப் பிடிக்க வேண்டும். சாம்சங்கில் கீழ்ப்பக்கமாக, வேறு வேலைக்கு மாற்றி வைத்திருந்தால் செட்டிங்ஸில் திரும்ப வைக்கலாம். மற்ற பல போன்களில் அழுத்திப் பிடித்தாலே போதும். ஆனால் ஷட்டர் மெதுவாக இருந்தால் பர்ஸ்ட் எடுத்தும் பயனில்லை, முப்பது மங்கல் படம் கிடைக்கும், அவ்வளவுதான்.

தொலைவில் உட்கார்ந்து 5 எக்ஸ் ஜூம் போடுவதைத் தவிருங்கள். வெளிச்சம் குறைந்தால் பல போன்கள் தூரக் காட்சிக்கான டெலிபோட்டோ லென்ஸை விட்டுவிட்டு, மெயின் கேமராவின் படத்தையே வெட்டிப் பெரிதாக்கித் தருகின்றன. திரையில் எண் மட்டும் 5 என்று காட்டும். முன்வரிசைக்குப் போங்கள், முடியாவிட்டால் 2 எக்ஸில் எடுத்துப் பிறகு வெட்டுங்கள்.

200 மெகாபிக்சல் போன் வாங்கியிருக்கிறேன். ஆனால் படம் 12 மெகாபிக்சலாகத்தான் பதிவாகிறது. ஏமாற்றிவிட்டார்களா?
— வாசகர், திருநெல்வேலி

இல்லை. 16 சிறு பிக்சல்களைச் சேர்த்து ஒன்றாக்குவதால் 200 என்பது 12.5 ஆகிறது. இருட்டில் புள்ளி குறைவதும், வெயில்-நிழல் இரண்டும் தெரிவதும் இப்படிச் சேர்ப்பதால்தான். 200-க்கு மாற்றினால் ஒவ்வொரு படமும் பல மடங்கு இடத்தை அடைக்கும், சேமிக்க நேரம் எடுக்கும், மாலைக்கு மேல் எடுத்தால் சொரசொரவென்று இருக்கும். நல்ல வெயிலில் மலைக்காட்சி, சுவர் ஓவியம் போல அசையாத, பிறகு பெரிதாக்கிப் பார்க்க வேண்டிய பொருளுக்கு மட்டும் போடுங்கள். மற்றபடி 12 மெகாபிக்சல் என்றால் 4000-க்கு 3000 பிக்சல். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நல்ல தரத்தில் 13-க்கு 10 அங்குலம் அச்சிடலாம். உங்கள் ஆல்பத்துக்கு அதற்கு மேல் எதற்கு?

வீட்டிலிருந்தே கவரிங் நகை விற்கிறேன். அருகில் கொண்டுபோனால் ஃபோகஸ் ஆவதில்லை, தள்ளிப் பிடித்தால் கல் தெரிவதில்லை. தங்க நிறமும் கறுத்துப்போகிறது.
— வாசகி, சிதம்பரம்

போன்களில் சென்சார் பெரிதாகப் பெரிதாக, மெயின் கேமராவால் நெருங்க முடியாத தூரமும் கூடிவிட்டது. பல போன்களில் 15, 20 சென்டிமீட்டருக்குள் வந்தால் ஃபோகஸ் பிடிக்காது. சில போன்கள் உடனே அகலக் காட்சிக்கான அல்ட்ராவைடு லென்ஸுக்குத் தாவி 2, 3 சென்டிமீட்டர்வரை போகவிடும். ஆனால் அவ்வளவு அருகில் போனின் நிழலே நகை மேல் விழும், வளையலின் வட்டமும் கோணும். விலை குறைந்த போன்களில் தனியாக இருக்கும் 2 மெகாபிக்சல் மேக்ரோ (மிக அருகில் எடுப்பதற்கான) லென்ஸ் விளம்பரத்துக்கு மட்டுமே உதவும்.

போனை ஓர் அடி தள்ளி வைத்து 2 எக்ஸில் எடுங்கள். வடிவம் கோணாது, நிழல் விழாது, கல்லும் தெரியும். போனை நான்கைந்து புத்தகத்தின் மேல் சாய்த்து வைத்து 3 விநாடி டைமர் போட்டுவிடுங்கள். விரல் பட்டு அசையும் அசைவே இவ்வளவு அருகில் மங்கலாகத் தெரியும்.

நிறம் கறுப்பதற்கு வருவோம். கேமராவுக்கு எதுவுமே நடுத்தர வெளிச்சத்தில் இருக்க வேண்டும் என்ற எண்ணம். வெள்ளைத் துணியில் வைத்தால் ‘அதிக வெளிச்சம்’ என்று நினைத்துக் குறைத்துவிடும். துணி சாம்பலாகி நகை கறுக்கும். சூரியக் குறியைப் பிளஸ் 0.7 வரை ஏற்றுங்கள். கறுப்பு வெல்வெட்டில் இதற்கு நேர்மாறு, கேமரா வெளிச்சத்தைக் கூட்டி வெல்வெட்டைச் சாம்பலாக்கி நகையை வெளுக்க வைக்கும். அங்கே மைனஸ் 1. முதலில் நகையை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும், அதன் பிறகு சூரியக் குறியை நகர்த்துங்கள்.

மினுமினுப்புக்கு ஒரு சூட்சுமம் உண்டு. பளபளப்பான உலோகம் எதிரில் இருப்பதைத்தான் காட்டும். எதிரில் இருட்டான அறை இருந்தால் நகையும் இருட்டைத்தான் காட்டும். வெயில் நேராக விழாத ஜன்னல் ஓரத்தில் நகையை வைத்து, ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைச் சார்ட்டையோ தெர்மோகோலையோ நிறுத்துங்கள். தங்க நிறம் உடனே எழும்பும். கல் பதித்தது என்றால் கூடவே ஒரு சின்ன டார்ச்சைச் சற்றுத் தூரத்திலிருந்து காட்ட வேண்டும். கல் மின்னுவதற்குப் பரவலான வெளிச்சம் போதாது, ஒரு புள்ளி வெளிச்சம் தேவை. எடுக்கும் முன் நகையைத் துடையுங்கள். கண்ணுக்குத் தெரியாத கைரேகை 2 எக்ஸில் நன்றாகவே தெரியும்.

கோபுரத்தைக் கீழிருந்து எடுத்தால் கறுப்பாக, பின்னால் சாய்ந்தாற்போல் வருகிறது.
— வாசகி, தஞ்சாவூர்

உங்கள் ஊர்ப் பெரிய கோயிலின் நுழைவாயில் கிழக்கு நோக்கியது. காலையில் வெயில் அதன் முகத்தில் விழும். மாலையில் வாசலில் நின்று எடுத்தால் சூரியன் உங்கள் எதிரில், கோபுரத்துக்குப் பின்னால். எந்த செட்டிங்கும் காலை வெயிலுக்கு ஈடாகாது. மாலையில்தான் எடுக்க முடியும் என்றால் வெளிச்சமும் நிழலும் இரண்டும் தெரிய உதவும் எச்டிஆரை இயக்கி, வானமும் கோபுரமும் சந்திக்கும் விளிம்பைத் தொட்டு, வானம் வெளுக்காத அளவுக்குச் சூரியக் குறியை இறக்குங்கள். நிழலை எடிட்டில் கொஞ்சம் தூக்கலாம், வெளுத்துப்போன வானத்தை மீட்க முடியாது.

சாய்வு, போனை அண்ணாந்து பிடிப்பதால் வருவது. 0.6 எக்ஸில் அது இன்னும் கூடும். பின்னால் தள்ளிப் போய் 2 எக்ஸ் அல்லது 3 எக்ஸில், போனை நேராக நிறுத்தி எடுங்கள்; கிரிட் கோடு போட்டுக்கொண்டால் நேர் பார்ப்பது எளிது. கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கும்படி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டதை நினைவில் வைத்து, வெளியே நின்றே எடுத்துவிடுங்கள்.

கார்த்திகை விளக்குகளை எடுத்தால் இரவு பகல் மாதிரி ஆகிவிடுகிறது. சுடர் வெறும் வெள்ளைப் பொட்டு. பச்சைப் புள்ளிகள் வேறு.
— வாசகி, திருவண்ணாமலை

நைட் மோடு இங்கேயும் வேண்டாம். சுடரைத் தொட்டு மைனஸ் 1, தேவைப்பட்டால் மைனஸ் 1.5. ப்ரோ மோடு இருந்தால் 1/60, ஐஎஸ்ஓ 200-ல் தொடங்குங்கள். ஒயிட் பேலன்ஸை 4000-க்கு மேல் வைத்தால் விளக்கின் பொன்னிறம் தங்கும். மண்டபத்தில் ஒழிக்கச் சொன்ன அதே மஞ்சள்தான், இங்கே அது வேண்டும். நேரமும் முக்கியம்: சூரியன் மறைந்து 15, 20 நிமிடத்துக்குள் வானம் நீலமாக இருக்கும்போது எடுத்தால் விளக்கும் தெரியும், வீடும் தெரியும்.

பச்சைப் புள்ளி லென்ஸுக்குள் ஏற்படும் எதிரொளி. விளக்கு படத்தின் இடது மேல் மூலையில் இருந்தால் புள்ளி வலது கீழ் மூலையில் வரும். நடுமையத்தைக் கடந்து நேரெதிரே. போனைக் கொஞ்சம் நகர்த்தி, புள்ளி இன்னொரு சுடரின் மேலே போய் உட்காரும்படி செய்துவிட்டால் தெரியாது. சுடரிலிருந்து வாள் போல நீளமாக ஒளிக்கீற்று போனால் அது வேறு. லென்ஸில் விரல் எண்ணெய். கண்ணாடி துடைக்கும் துணியால் துடைத்தாலே சரியாகும். தீபத்துக்கு எண்ணெய் ஊற்றிய கையோடு போனை எடுப்பவர்களுக்கு இது கட்டாயம்.

ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டால் தலை வெட்டுப்படுகிறது. சில படங்கள் ‘ஓபன் ஆகலை’ என்கிறார்கள்.
— வாசகர், நாகர்கோவில்

போன் படம் 4-க்கு 3 விகிதம். 6-க்கு 4 அங்குலத் தாளோ 3-க்கு 2. தாள் நிரம்ப வேண்டுமானால் படத்தில் ஒன்பதில் ஒரு பங்கு போய்விடும். தலைக்கு மேல் இடம் விட்டு எடுங்கள், அல்லது 8-க்கு 6 அளவில் போடச் சொல்லுங்கள். அது அப்படியே பொருந்தும். ‘ஃபுல்’ அல்லது 16-க்கு 9 என்று வைத்து எடுக்காதீர்கள். அது பெரிய படமல்ல, 4-க்கு 3 படத்தின் மேலும் கீழும் வெட்டியதுதான்.

திறக்காத படம் ஹெய்க் (HEIC) என்ற கோப்பு வகையாக இருக்கும். ஐபோனில் செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ், ‘மோஸ்ட் கம்பாடிபிள்’. சாம்சங்கில் கேமரா செட்டிங்ஸில் ‘ஹை எஃபிஷியன்சி’ படங்களை அணைத்தால் ஜேபெக்காகப் பதிவாகும். ஏற்கெனவே எடுத்தவை மாறாது, அவற்றைத் தனியாக ஜேபெக்காக மாற்றித் தர வேண்டும்.

வாட்ஸ்அப்பில் ஸ்டூடியோவுக்கு அனுப்பும்போது ‘டாக்குமெண்ட்’ வழியாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பும்போது எடுத்த இடத்தின் விவரமும் படத்தோடு போகும். வீட்டில் எடுத்த படங்கள் என்றால் கேமரா செட்டிங்ஸில் லொகேஷனை முன்பே அணைத்து வைத்துவிடுங்கள்.